வியாழன் மாலை, ஏழாம் அறை

எல்லோரும் வெளியேறும் கதவு வழியே
நாங்கள் உள்ளே நுழைவோம்.
மாணவர் அட்டை காட்டினால் மூன்று யூரோ.
ஈரக் குடைகளுக்குத் தனி வாளி.
லியேஜ் நகரத்து நவம்பரில்
ஐந்து மணிக்கே மியூஸ் ஆற்றின் மேல்
கடையைச் சாத்திவிடுகிறது வானம்.

நான் கால்நடை மருத்துவம், நான்காம் ஆண்டு.
ஓவிய வரலாறு உனக்கெதற்கு என்று
அண்ணன் தொலைபேசியில் கேட்டான்.
விடுதி அறையில் ஹீட்டர் பழுது என்றேன்.
பொய்யில்லை.
முழு உண்மையும் இல்லை.

மடக்கு நாற்காலிகள் பதினான்கு.
முன்வரிசையில் சட்டம் படிக்கும் ஒதில்,
யார் இருமினாலும் குறித்துக்கொள்கிற கை.
என் பக்கத்தில் திபோ:
விடிவதற்கு முன்பே அடுமனையில் வேலை,
விளக்கணைத்துப் படங்கள் ஓடத் தொடங்கினால்
பரோக் காலம் வருவதற்குள் தூங்கிவிடுவான்.
திரையின் வெளிச்சத்தில்
அவன் முழங்கை மயிரில் மாவு மின்னும்.

வகுப்பெடுக்கும் மெலுசீனுக்கு
எங்களைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம்.
ஆய்வேட்டை இன்னும் முடித்தபாடில்லை.
ஒருமுறை சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து
இருபது நிமிடம் பேசினாள்;
நாங்களும் சொல்லவில்லை.

அன்றைக்குத் திரை இல்லை.
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று
ஏழாம் அறைக்கு நடத்திப் போனாள்.
'மாடுகளுடன் அந்தி.'
வரைந்தவர் பெயர் தெரியாது.
ஆயிரத்து அறுநூற்று எழுபதை ஒட்டி.

பார்த்ததைச் சொல்லுங்கள், என்றாள்.
ஒளி இடப்பக்கமிருந்து வருகிறது: ஒதில்.
வானம் முக்கால் பங்கு: யாரோ.
அமைதி, போர் ஓய்ந்த அமைதி: இன்னும் யாரோ.
ஆமாம், ஆமாம், என்றாள் மெலுசீன்.
ஒவ்வொரு ஆமாமும் முந்தியதைவிடச் சிறுத்தது.

எனக்கு வானம் தட்டுப்படவே இல்லை.
கூட்டத்தை விட்டு எட்டி நிற்கிற
செவலைதான் கண்ணில் நின்றாள்.
முதுகு வில்லாக வளைந்து,
காதுகள் தொங்கி,
இடது பின்னங்காலின் நுனி மட்டும் தரையில்,
சுடுகல்லை மிதித்தவள் மாதிரி.
மற்றவை அசைபோட்டுக்கொண்டிருக்க
இவள் வாய் சும்மா இருந்தது.

கையைத் தூக்கினேனா, நினைவில்லை.
குரல் வெளியே வந்துவிட்டது:
"அந்த மாட்டுக்குக் குளம்பு அழுகல்."

சிரிப்பு.
திபோகூட நின்றபடி விழித்துச் சிரித்தான்.
மெலுசீன் கேட்டாள்,
"எந்தக் கால்?"

காட்டினேன்.
குளம்புப் பிளவில் வீங்கி வெடித்திருக்கும்,
பார்ப்பதற்கு முன்பே நாற்றம் சொல்லிவிடும்,
நாள்கணக்காய் ஈரத்தில் நின்றால் வரும்.
"ஈரமா?"
மூக்கு சட்டத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள்.
காவலாளி தொண்டையைச் செருமினார்.
குளம்பைச் சுற்றிலும்,
பழுப்புக்குள் பழுப்பாக,
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேற்றுக் குட்டை.

தெரிந்து வரைந்தாரா,
நின்றதை நின்றபடி வரைந்தாரா
என்று ஒதில் கேட்டாள், பேனா தயாராக.
தெரியாது, என்றாள் மெலுசீன்.
ஆறு வாரத்தில் அவள் அப்படிச் சொன்னது
அதுதான் முதல் தடவை.
ஒதில் அதையும் எழுதிக்கொண்டாள்.

ஒன்பதுக்குச் சாவிக்கொத்து குலுங்கியது.
பேருந்து நிறுத்தத்தில்
விற்காமல் போன ரொட்டியைப் பிட்டுத் தந்தபடி
திபோ மெதுவாகக் கேட்டான்:
"அது பிழைச்சிருக்குமா?"
புண்ணைக் கழுவி, காய்ந்த வைக்கோலில் கட்டி வைத்தால்
இரண்டு வாரம்.
யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருக்கும், என்றேன்.
"ஒருத்தர்தான் பார்த்தாரே."
"பார்த்தார்.
கையில் தூரிகை இருந்தது."

ரொட்டியின் அடி கருகியிருந்தது.
நாற்பத்தெட்டாம் எண் வந்து நின்றது.
ஏறிய பிறகுதான் உறைத்தது,
குடை இன்னும் வாளியில்.