மேல்கம்பி

காலையில் எழுந்தால்
நேற்று நீட்டிய கை நேற்றோடு போயிருக்கும்.
இரவெல்லாம் தோல் தன் வேலையைப் பார்க்கிறது,
தொய்ந்த கயிற்றுக் கட்டிலை
யாரோ இழுத்துக் கட்டுவது போல.

வெந்நீர்த் துண்டு. தேங்காய் எண்ணெய். பிறகு சுவர்.
ஆள்காட்டி விரலும் நடுவிரலும்
இரண்டு கால்களாக ஏறவேண்டும் என்றார் செலின் மேடம்,
காரைக்குடி பெரியாஸ்பத்திரியில்,
என் அக்குளில் கோணமானியை வைத்தபடி.
நாற்பத்திரண்டு டிகிரி.
"நம்மூர் வெயில்தானே?" என்றேன்.
எழுதி முடித்த பிறகுதான் சிரித்தார்.

புதுவயல் மில்லில், நெல் அவிக்கும் தொட்டியருகே
நீராவிக் குழாய் விட்ட அன்று
முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினேன்.
முகம் தப்பியது.
அன்று அவ்வளவு உயரம் போன கை
இன்று கொண்டைக்கு வர மறுக்கிறது.

தொடையில் உரித்து ஒட்டிய தோல்
வெயில் பார்த்தறியாதது.
இப்போது முழங்கையில் இருந்துகொண்டு
ஊரை வேடிக்கை பார்க்கலாம் என்றால்
அதன் மேல் இறுக்குச் சட்டை,
குளிக்கும் நேரம் தவிர எந்நேரமும்.
கத்திரியில் உள்ளே எறும்பு ஊரும்.
சொறியக் கூடாது, தட்டலாம்.
ராத்திரிக்கு ஏரோபிளேன் கட்டு:
ஒற்றை றெக்கையோடு
பாயில் இறங்கிக் கிடக்கிறேன்.

முத்தரசு எண்ணுவான்.
முப்பது வரை இழுத்துப் பிடிக்கவேண்டும்.
பதினாறு, பதினேழு, இருபத்தைந்து.
நான் பல்லைக் கடிப்பது அவனுக்குக் கேட்டிருக்கிறது.
"செட்டிநாட்டில் பிறந்துவிட்டு
கணக்கில் கை வைக்கிறாயாடா? பதினெட்டுக்கு வா."
வந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான்.
பத்தொன்பது.

சுவரில் பென்சில் கோடுகள்.
சித்திரையில் சுவிட்சுக்குக் கீழே.
வைகாசியிலும் அங்கேதான்.
ஆனியில் காய்ச்சல், ஒரு விரற்கடை இறக்கம்.
ஆடிக் கடைசியில்
காலண்டர் மாட்டிய ஆணி
நகத்தில் பட்டது.

ரேஷன் கடை இயந்திரம்
என் கட்டைவிரலை ஐந்து தடவை பார்த்துவிட்டு
இது யாரோ என்றது.
கண்ணைக் காட்டி அரிசி வாங்கினேன்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, டவுன் பஸ்.
சட்டையைப் பார்த்து ஒருத்தி எழுந்தாள்.
"நீங்க உக்காருங்க" என்றேன்.
மேல்கம்பியில் நாலு விரல்.
சுண்டுவிரல் மட்டும் சேரவில்லை.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
அக்குளில் ஏதோ கிழியப் போவதாக மிரட்டும்.
கிழியவில்லை.

கோட்டையூர் தாண்டி
கண்டக்டர் இலவச டிக்கெட்டை நீட்டினார்.
வாங்க இந்தக் கையை விடவேண்டும்.
இடது கையால் வாங்கினேன்.
முறைத்தார்.
முறைக்கட்டும்.