கண்ணில் எண்ணெய்

பகலில் நான் ஓட்டுவது நாற்பது தொன்.
பேர்ன் ஸ்டேஷனிலிருந்து வோர்ப் வரை.
வளைவில் ட்ராம் கிறீச்சிட்டால்
பட்டறைக்கு ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போவேன்.
அந்தச் சத்தம் கம்பனிக்குச் சொந்தம்.

இந்தச் சத்தம் எனக்கு.
குளிரில் எழுப்பினால் முதல் மூன்று விநாடி
டிக் டிக் டிக் என்று
யாரோ உள்ளிருந்து கதவு தட்டுகிறார்கள்.
பிறகு இல்லை.
இல்லாதபோதுதான் இன்னும் கூர்ந்து கேட்கிறேன்.

இரண்டே இருக்கை. பத்தொன்பது வயது.
பல்வைத்தியர் ட்சுர்புக்கனிடம் வாங்கியது.
"ஒருநாளும் தொல்லை தந்ததில்லை" என்றார்
சாவி தந்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு.
நோகாது என்று சொல்லிவிட்டுப்
பிடுங்குகிற அதே குரல்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.
எனக்குக் கனம் மடியிலில்லை, முதுகுக்குப் பின்னால்:
ஆறு சிலிண்டர், ஒன்பது லீற்றர் எண்ணெய்,
நடுவில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தாங்கி.
அது போனால்
வண்டி வாங்கிய காசைவிடக் கூடக் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குர்னிகல் மேட்டில்
ஒரே சாதி வண்டிகள் ஒன்பது, பத்து.
இழவு வீட்டு வாசல்போலத் தணிந்து பேசுவோம்.
எண்பதாயிரத்தில் மாற்றிவிடு என்பான் ரேட்டோ.
தொடாதே, திறந்தால்தான் கெடும் என்பார் ஊர்ஸ்.
மூன்றாமவன் போன மாதம் விற்றுவிட்டான்,
ஆனாலும் வருகிறான்,
எங்கள் முகங்களைப் பார்த்து ஆறுதலடைய.
எதிரே பனிமலை முழுசாய் நிற்கிறது.
ஒருவரும் நிமிரவில்லை.
குனிந்து, அவரவர் வண்டியின் அடியில்
சொட்டு விழுந்திருக்கிறதா என்று.

எண்ணெய் மாற்றிய அன்று
பழைய வடிகட்டியைப் பால்கனியில் வைத்து வெட்டினேன்.
சேலைக் கொசுவம் பிரிப்பதுபோல்
கறுத்த தாளை மடிப்பு மடிப்பாக விரித்து, டோர்ச் பிடித்து,
கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்ப்பது என்பார்களே,
நான் எண்ணெயில் கண்ணை விட்டுப் பார்த்தேன்.

பதினேழாவது மடிப்பில்
ஒரு மினுக்கம்.

சின்னப் போத்தலில் எண்ணெய், பிளாஸ்திக் உறையில் அந்தத் துணுக்கு,
ஆய்வுகூடத்துக்குத் தபால்.
மூன்று கிழமை.
வண்டிக்குப் போர்வை. எனக்கு நித்திரையில்லை.
"வித்துப்போட்டு நிம்மதியா இரும்" என்றார் பரஞ்சோதி.
சரியான பேச்சு.
இந்த வண்டி விஷயத்தில்
சரியான எதையும் நான் இதுவரை செய்ததில்லை.

கடிதம் வந்தது,
மதிப்புக்குரிய திருவாளர் பரஞ்சோதி அவர்களுக்கு என்று.
வண்டி என் பெயரில், பணம் என் ஓவர்டைமில்.
போகட்டும்.
எண்ணெய், வயதுக்கு நலம்.
துணுக்கு, உலோகமன்று.
அநேகமாக மீன் செதில்.
கட்டணம் தொண்ணூற்றிரண்டு பிராங்.

சனிக்கிழமை விளைமீன்.
வெடுக்கு வீட்டுக்குள் வரக்கூடாதென்று
பால்கனியில், அதே பலகையில், அதே கத்தியால்.

ஓல்ரனில் ஒரு கலியாண வீட்டில்
பரஞ்சோதி இதை நாலு மேசைக்குச் சொன்னார்.
நானும் சிரித்தேன்.
செதில் மீனுடையது, சரி.
தட்டுவது யார்?

இன்று விடியப்புறம் நாலரை, முதல் ஷிஃப்ட்.
போர்வையை உருவி, சாவியைத் திருப்பி,
மூன்று விநாடி.
பிறகு இல்லை.
ஆரே நதியோரம், வெறும் தெரு,
மூன்றாம் கியரில் ஊசி நாலாயிரம் தாண்ட
முதுகுக்குப் பின்னால் அது வாய்விட்டுப் பாட
ஒரு வளைவு, இன்னொன்று, அடுத்ததும்.
கேட்க மறந்துபோனேன்.

டிப்போவில் நிறுத்தி இறங்கியதும்
பழக்க தோஷம், குனிந்து பார்த்தேன்.
இரவு மழை.
விளக்கு வெளிச்சத்தில்
தரை முழுக்க மினுங்கியது.