பின்னுரித்தாளி

அக்கா செத்து நாற்பத்திரண்டாம் நாள்
தொழில் திணைக்களத்து மேசையில்
இரண்டு தாள்களைப் பக்கம்பக்கமாக வைத்து
குமாஸ்தா கேட்டார்:
"பிறப்புப் பத்திரப்படி தங்கச்சி.
சேமலாப நிதிக் கடதாசியில மகள்.
நீங்க யாரு?"

பின்னுரித்தாளி என்ற கட்டத்துக்குள் என் பெயர்.
எதிரே, உறவுமுறை: மகள்.
தோட்ட ஆபீஸ் கிளாக்கரின் சாய்ந்த எழுத்து.
அதன் கீழே
கொழுந்து பறித்துக் கறுத்த விரல்
ஒவ்வோர் எழுத்தாக ஊன்றிப் போட்ட
தவமணி.
'ம'வில் பேனா தாளைக் குத்தியிருந்தது.
தேதி பார்த்தேன்.
அப்போது எனக்கு நாலு வயது. அவளுக்கு இருபது.

பத்தொன்பது வயதில் ஒருநாள்
ஃபோனைப் பிடுங்கி வைத்தாள் என்று
இஸ்தோப்பில் நின்று கத்தினேன்:
"நீ என்ன, என்னைப் பெத்தவளா?"
அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.
நிறுத்தவில்லை.
சிரட்டைவரை போய்
சிரட்டையையும் கொஞ்சம் துருவினாள்.
அன்றைய சம்பலில் கறுப்புத் துகள்.
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் தட்டோரம் வைத்தேன்,
அவள் பார்க்கட்டும் என்று.

சத்தியக்கடதாசி வேண்டுமாம்.
கோர்ட்டுக்குக் கீழே படியிறங்கினால் ஜெரோமின் கடை.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு போட்டோக்கொப்பி மெஷின்,
ஆணியில் தொங்கும் ஊதாக் குடை.
மல்லியப்பு சந்தியிலிருந்து
ஹட்டனை அழித்துக்கொண்டே வந்தது மழை.

கேட்க வேண்டியதை மட்டும் கேட்டார்.
முழுப்பெயர். அடையாள அட்டை இலக்கம்.
கீழ்ப்பிரிவு, பத்தாம் லயம், நாலாம் காம்பரா.
"இறந்தவர் உங்களுக்கு...?"
விரல்கள் கீபோர்டின் மேல் நின்றன.
வெளியே நோர்வூட் பஸ்
ஆள் கூப்பிட்டு முடித்துக் கிளம்பியே போய்விட்டது.
விரல்கள் அங்கேயே இருந்தன.
"இன்னைக்கு வேணாம்" என்றேன்.
"சரி. அந்த இடம் காலியா இருக்கட்டும்."

குடையை எடுத்து நீட்டினார்.
"மூணு வருஷமா யாரும் விரிக்கல.
கம்பி துருப்பிடிச்சிருக்கும்."
விரித்தேன்.
மடிப்புக்குள்ளிருந்து ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது.
குனிந்து எடுத்து வாசித்தார்.
ஒரு டிக்கெட்டில் அவ்வளவு நேரம் வாசிக்க என்ன இருக்கும்?
பிறகு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

குடையைக் கொடுக்கப் போனேன், மழை வந்தது, திரும்பக் கொண்டுவந்தேன்.
வகுப்புப் பிள்ளைகளின் வினாத்தாளைக் கொப்பி எடுக்கப் போனேன்.
எடுத்ததையே எடுக்கவும் போனேன்.
இஞ்சி தட்டிய பிளேன்டீ வந்தது.
"ரொஸ்லின்" என்றார் ஒருநாள், நான் கேட்காமலே.
"பிரசவத்துல. ரெண்டு பேரும்."
மெஷின் வெளிச்சம் அவர் முகத்தில்
ஒருமுறை போய்த் திரும்பியது.

அப்பா யார் என்று
பக்கத்துக் காம்பரா வேளாங்கண்ணியிடம் கேட்டேன்.
"அது போன தோட்டத்தோட போச்சு" என்று
கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினாள்.
மேட்டில் ஏறும்போது திரும்பிச் சொன்னாள்:
"அவ ஒன்னத் தூக்கிட்டுதான் பெரட்டுக்கு வருவா.
தங்கச்சின்னுதான் சொல்லுவா.
நாங்க யாரும் நம்பல.
யாரும் கேக்கவும் இல்ல."

மாசியில் ஒரு வெயில் நாள்.
குடை ஆணியிலேயே இருந்தது.
"எழுதுங்க" என்றேன்.
என்ன எழுத என்று அவர் கேட்கவில்லை.
நானாகச் சொல்லும்வரை
திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சொன்னேன்.
தட்டினார்.
பிரிண்டர் சூடாக வெளியே தள்ளியது.
கையெழுத்துப் போட மூன்று பேனா மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து
லயத்துக்கு வந்தார், கையில் ஒரு பாண் இறாத்தலோடு.
அக்காவின் படத்தின் முன்னால் நின்றார்.
என்ன சொல்லி அறிமுகப்படுத்துவது?
முப்பத்தொரு வருடம் கூப்பிட்ட வாய்,
மற்ற சொல்லுக்கு வரவில்லை.
"இவங்கதான்" என்றேன்.

உள்ளே போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.
கை நிற்கவில்லை.
சிரட்டை உரசும் சத்தம் கேட்டும்
நிற்கவில்லை.

பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுத் தின்றார்.
கறுப்புத் துகள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
ஒன்றைக்கூட ஓரமாக வைக்கவில்லை.