ஏறி வரும்போது

மல்லாகம் சந்தியில் என் பம் கடை.
எரிந்த மோட்டர், உடைந்த இம்பெல்லர்,
உப்பில் கரகரக்கும் பெயரிங்.
முப்பதடிக்குக் கீழே எனக்கு வேலையில்லை.
எண்ணெயும் எங்களுக்குப் புதிதில்லை:
ஒரு காலம் இந்தப் பக்கத்துக் கிணறுகளில்
தானாய் வந்து மிதந்தது,
சூடுமில்லாமல் அழுத்தமுமில்லாமல்.

இளவாலை ரெஜினோல்ட்,
ஸ்டவாங்கரிலிருந்து லீவில் வந்தவன்,
தகப்பன் வீட்டு மோட்டரை ஓட்டோவில் கொண்டுவந்தான்.
கழற்றினேன். சீல் போய்விட்டது.
"அங்கேயும் இதுதான் முதலில் சாகும்" என்று
பொக்கெற்றிலிருந்து எடுத்து வைத்தான்
ஒரு கறுப்பு வளையத்தை.

கடலடியில் ஐயாயிரத்து ஐந்நூறு மீற்றர்
இறங்கிவிட்டு வந்த றப்பர்.
அங்கே நூற்றுத் தொண்ணூறு பாகை.
"தோசைக்கல்லோ?" என்றேன்.
"தோசைக்கல்தான். அடுப்பு அணையாது,
கல்லை இறக்கி வைக்க இடமுமில்லை."

ஒரு முத்திரை அகலத்தில்
ஏழு தொன் உட்கார்ந்திருக்குமாம்.
மனதுக்குள் ஒரு முத்திரையை நிலத்தில் வைத்து
மூன்று உழவு மெசினை அதன்மேல் ஏற்றிப் பார்த்தேன்.
கடைச் சீமெந்து வெடித்தது.

சீமெந்தைப் பற்றியும் சொன்னான்:
இறுகிய பிறகு அது மனம் மாறுமாம்,
மணற்பொடி சேர்க்காவிட்டால்
நாட்போக்கில் பொருபொருத்துப் போகுமாம்.
இரும்புக் குழாய் சூட்டில் நீளும்,
நீள இடமில்லாமல் பாம்பாய் நெளியும்.
கனமாய்க் கரைத்து ஊற்றிய சேறு
சொதியாய் நீர்த்து, பாரப்பொடி அடியில் படியும்.
பாரம் குறைந்தால் வாயு உள்ளே வரும்.
கூடினால் பாறை பிளக்கும்.
நடுவில் தலைமயிர் அளவு வழி.
"கருவிக்குள்ளே பற்றரி. லிதியம் உருகினால்
அது குண்டு" என்றவன்
அந்தச் சொல்லோடு நிறுத்தி
ஸ்பனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

வளையத்தைக் கையில் எடுத்தேன்.
உள்பக்கமெல்லாம் கொப்புளம், நெடுக வெடிப்பு.
"கீழே நசிந்ததோ?"
"இல்லை. கீழே ஒன்றும் ஆகாது.
அமுக்கத்தில் வாயு றப்பருக்குள்ளே ஊறும்.
சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கும்.
கெதியாய் மேலே இழுத்தால்
உள்ளே ஊறினது ஊதி வெடிக்கும்.
ஏறி வரும்போதுதான்."

என் அத்தான் அருளம்பலம்
முகாமால் வந்து,
வீட்டுக்குத் தகரம் போட்டு,
ஆறு கோழி வாங்கி,
அதற்குப் பிறகுதான் பேச்சை விட்டார்.
அதுவரைக்கும் ஒரு கீறலில்லை.
இதை ரெஜினோல்டுக்குச் சொல்லவில்லை.

"அப்ப எப்படி ஏற்றுவீங்கள்?"
"மெதுவாய். இடையில் நிறுத்தி, பொறுத்து.
ஊறினது தானாய்க் கசிய வேணும்.
ஆனால் ரிக்குக்கு நாள் வாடகை, அண்ணை.
ஆர் பொறுக்கினம்?"

புதுச் சீல் போட்டு, வாளித் தண்ணீரில் ஓடவிட்டேன்.
ஒழுகவில்லை.
சீலுக்கு மட்டும் காசு எடுத்தேன்.
மோட்டரோடு போனான், வளையத்தை மறந்து.

ஆணியில் தொங்குகிறது, நாலு மாதமாய்.
எந்த மோட்டருக்கு என்று கேட்கிறார்கள்.
சித்திரை வெயிலில் கூரைத் தகரம் கொதிக்கையில்
கிட்டப் போய் மணந்து பார்க்கிறேன்.
இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறது.