உள்ளூர் ஓட்டை

ஓஸ்ட்ராவா நகர நூலகத்தின் ஏழாம் கணினியில்
கணக்கின் பெயர் விருந்தாளி.
முப்பதாம் நிமிடம் எழுந்திரு என்போம்.
திரை பூட்டிக்கொள்ளும்,
அடுத்தவர் உட்கார்ந்ததும் எல்லாம் துடைபடும்.

வேலையிழந்தோர் படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள்.
விளாஸ்திமில் இருபத்தாறு வரை வந்திருக்கிறார்,
நான்கு முறை.

ஐந்தாம் முறை, பூட்டிய திரையின் மூலையில்
கண் மங்கியவர்களுக்கான பெரிய எழுத்தைத் தொட்டாராம்.
உதவிப் பக்கம் வந்தது.
அதற்குள் அச்சிடு. அச்சிடுவதற்குள் சேமி.
சேமிப்பதற்குள் மொத்த வீடும்,
என் அறை உட்பட.

பதிவேடு காட்டியது:
பூட்டிய பின் பத்தொன்பது நிமிடம்.
சம்பளப் பட்டியல் பக்கத்திலேயே கிடந்தது,
தொடவில்லை.
இருபத்தேழாம் கேள்விக்குப் போயிருக்கிறார்.

நான் எழுதிய அறிக்கை:
ஆபத்து குறைவு. தொலைவிலிருந்து நுழைய முடியாது.
ஆள் நேரில் வரவேண்டும்
டிராம் பிடித்து, பனியில் நடந்து,
கையுறை கழற்றி, இந்த நாற்காலிக்கு.

ஓட்டையை அடைக்கும் திருத்தம் செவ்வாயன்றே வந்தது.
வெள்ளி மாலைதான் அடைத்தேன்.

முப்பது நிமிடத்தை அறுபதாக்கக் கேட்க
மேலிடத்தில் ஒரு படிவம் உண்டு.
ஒன்பதாம் கேள்வியில் இருக்கிறேன்.