யாரும் வரவில்லை

பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தேழு.
உலான்பாத்தரில் இதைக் குளிர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்,
இன்னும் இரண்டு டிகிரி இறங்கட்டும் என்பார்கள்.

விடியுமுன் மூன்று இருபதுக்கு
பதினான்காம் கட்டடத்து முற்றத்தில்
வெள்ளை ப்ரியஸ் ஒன்றின் பின்கண்ணாடி வெடித்தது.
காவல் கூண்டில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பல்தோர்ஜ்
துப்பாக்கி என்றே நினைத்தாராம்.
டார்ச்சோடு ஓடிப் பார்த்தால் ஆளில்லை.
கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் விழாமல்
உடல் முழுக்க நரம்போடி நின்ற கண்ணாடி
இன்னும் உடைந்துகொண்டிருந்தது, டிக், டிக் என்று,
இறக்கிவைத்த வாணலியில் கடைசிக் கடுகுகள் மாதிரி.

கண்ணாடி பொருத்துவது என் தொழில்.
நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் எட்டுப் பேர்,
காரணங்கள் பத்துக்குக் குறையாது.
ஐஸ் ஹாக்கிப் பையன்கள்.
கரிக்கட்டி லாரி தெறித்த கல்.
(மூன்று மணிக்கு ஏது லாரி?)
காவல்காரர் தூங்கியிருப்பார் என்றது ஒரு குரல்,
அவர் காதுபடவே.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
பல்தோர்ஜ் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்,
பிறகு பனியைக் காட்டினார்.
முந்தின மாலை பெய்த பனி.
அவர் பூட்ஸைத் தவிர
ஒரு நாயின் தடம்கூட இல்லை.

நான் சொன்னேன், எப்போதும் சொல்வதை:
சூளையில் பழுக்கக் காய்ச்சி
இருபுறமும் காற்றடித்துக் குளிர வைப்பார்கள்.
தோல் முந்திக்கொண்டு இறுகிவிடும்.
பிந்தி ஆறும் உட்புறத்துக்குச் சுருங்க இடமிருக்காது.
அன்று தொடங்கிய இழுபறிதான்,
அந்த இழுபறிதான் அதன் பலமும்.
விளிம்பில் கடுகளவு சில்லு போயிருக்கலாம்,
நீகாட்டாவில் யாரோ டிக்கியை அறைந்து சாத்திய நாளில்.
அல்லது உள்ளே ஒரு துகள், நிக்கலும் கந்தகமும் கூடியது,
சூட்டில் சுருங்கிய உருவோடு மாட்டிக்கொண்டு
கப்பலேறி, ரயிலேறி, பாலைவனம் கடந்து,
வருஷக்கணக்கில் மயிரிழை மயிரிழையாய்ப் பருத்திருக்கலாம்.
எது என்று கேட்காதீர்கள்.
சாட்சியே ஆயிரம் துண்டாகக் கிடக்கிறது.

யாருக்கும் பிடிக்கவில்லை. ஒருபோதும் பிடிப்பதில்லை.
ஆளில்லாத குற்றத்தை வைத்துக்கொண்டு
எவ்வளவு நேரம்தான் குளிரில் நிற்பது?
எட்டுப் பேரும் கலைந்தார்கள்.

கார்க்காரி நொமுந்தாரி மட்டும்
வேலியருகே போய் நின்று
வேலிக்கும் காருக்கும் நடுவே கண்ணால் அளந்தாள்.
‘இங்கிருந்து எறிந்தால் தடம் விழாது, இல்லையா?’
எறியலாம். முப்பது எட்டு இருக்கும்.
‘அவனுக்குக் கை பலம் அதிகம். இடது கை.’
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
ரசீதுப் புத்தகத்தைத் தேடினேன், சட்டைப்பையிலேயே இருந்ததை.

தாளைக் கிழித்ததும் கண்ணாடி பொலபொலவென்று
உள்ளே கொட்டியது. கல்கண்டு மூட்டை அவிழ்ந்த மாதிரி.
கையுறையைக் கழற்றிவிட்டு
இருக்கையில், இருக்கைக்கு அடியில், இடுக்கில்
தேடத் தொடங்கினாள்.
கைபட்டால் கிழிக்காது, மழுங்கின துண்டுகள்தான்,
ஆனாலும் அந்தக் குளிரில் ஐந்து நிமிடம்.
ஒரு பேனா மூடி கிடைத்தது.
உறைந்து கல்லாகிப்போன பாதி பிஸ்கட் கிடைத்தது,
அதைச் சற்று அதிக நேரம் கையில் வைத்திருந்தாள்.
கல் கிடைக்கவில்லை.

காப்பீட்டுப் படிவத்தில் காரணம் என்ற கட்டம்.
‘தானாக’ என்று எழுதினேன்.
வாசித்துவிட்டுப் பேனாவைத் திருப்பித் தரவில்லை.
‘நன்றாகப் பார்த்தீர்களா?’ என்றாள் பல்தோர்ஜிடம்.
‘தெருவில்கூட? ஒரு கார் நின்று போனமாதிரி?’

மீண்டுவிட்ட மானத்தோடு
தொப்பியை அழுத்தி மாட்டிக்கொண்டு
மனிதர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்:
‘சத்தியமாக, அம்மா. யாரும் வரவில்லை.’