அறுநூற்றுப் பத்து

ருஸ்தாவியில் காற்று ஓய்வதில்லை.
எஃகு ஆலையின் புகைபோக்கிகளைச் சுற்றிக்கொண்டு வந்து
ஆயிரம் கார்களின் நெற்றியில் தூசு பூசிவிட்டுப் போகும்.
விற்பவர்கள் துடைப்பார்கள். மறுபடி பூசும்.

நான் பெயின்ட்டின் தடிமன் அளப்பவன்.
உள்ளங்கையில் அடங்கும் கருவி, ஐம்பது லாரி கூலி.
தகரத்தில் வைத்தால் ஓர் எண் சொல்லும்.
நூற்றுப் பத்து மைக்ரான் என்றால் தொழிற்சாலை.
இருநூறு என்றால் யாரோ மறுபடி அடித்திருக்கிறார்கள்.
அதற்கு மேல் போனால் கேட்கக் கூடாது;
கேட்கத்தான் எனக்குக் கூலி.

லாமாரா வந்தாள். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
"கதவு நாலு இருக்கட்டும், அம்மா ஏறணும்.
மற்றபடி அது ஓடணும்" என்றாள்.

அந்த வம்சத்தை எனக்குத் தெரியும்.
முதல் தலைமுறை, கணக்கரின் சட்டை:
மடிப்புக் கலையாமல் நிற்கும்.
மூன்றாம் கியரில் மிதித்தால்
கணக்கர் டையைக் கழற்றி எறிவார்.
இரண்டாவது உப்பிப்போனது.
பின்சீட்டில் கால் நீட்ட இடம், கோப்பை வைக்க இடம்,
வளைவில் திரும்பத்தான் மனமில்லை.
யாரும் திட்டவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை.
மூன்றாவதை வரைந்தவருக்கு
யார்மேலோ கோபம் இருந்திருக்க வேண்டும்.
கூரை தாழ்ந்தது. இடுப்பு ஒடுங்கியது.
நூறு கிலோ எங்கோ உதிர்ந்தது.
ஸ்டியரிங், சாலை சொன்னதை
அப்படியே கைக்குச் சொன்னது.
நான்காவதில் திரை பெரிதாகிக் கியர் குச்சி காணாமல் போனது.
ஐந்தாவது பிறக்கவே இல்லை.
எல்லோரும் உயரமான வண்டிகளில் ஏறிக்கொண்டார்கள்.

ஆகவே, மூன்றாவது. அடர் சிவப்பு. ஆறு கியர்.
இதன் விலையில் பாதிக்கு மேல்
ஒஹாயோவில் யாரோ கட்டித் தீர்த்துவிட்டார்.
புது வாசனையையும் அவரே முகர்ந்து தீர்த்துவிட்டார்.
மிச்சம் கப்பலேறிப் போத்தியில் இறங்கி
இங்கே ஒன்பதாயிரம் டாலருக்கு நிற்கிறது.
"ஒரு பாதிரியார் ஓட்டியது,
ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்றார் ஜும்பர்.

பானெட் நூற்றுப் பதினாறு. கூரை நூற்றெட்டு.
முன்கதவுகள் சுத்தம்.
இடது பின்கதவு:
அறுநூற்றுப் பத்து.
கருவியைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
அறுநூற்றுப் பத்து.
ஜும்பர் வானத்தைப் பார்த்தார்.
"ஞாயிற்றுக்கிழமையில் இடித்திருக்கிறார்" என்றாள் லாமாரா.

பின்சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன்.
பனிக்குத் தூவும் உப்பு, கார் கழுவிய ரசீது,
ஒற்றைக் கையுறை, என் இரண்டு விரல் அளவு.
மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
காற்று மட்டும் அதன் வேலையைப் பார்த்தது.

"எலும்பு?" என்றாள்.
"நேராக இருக்கிறது. கதவோடு போயிற்று" என்றேன்.
கையுறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.
"சாவி."

திபிலிசி சாலையில் மூன்றாம் கியர்.
ஊசி ஐந்தாயிரத்தைத் தொட்டபோது
எக்ஸ்ரே அறையில் யாரும் கேட்டிராத
ஒரு சிரிப்பு அவளிடமிருந்து வந்தது.
நான் எழுதிவைத்திருந்த அறிக்கை
மடியிலிருந்து நழுவி என் காலடியில் கிடந்தது.
குனிந்து எடுக்க அந்த வளைவு விடவில்லை.

எண்ணூறு டாலர் குறைந்தது.
மிகையான ஒவ்வொரு மைக்ரானுக்கும் ஒன்றரை டாலருக்கு மேல்.
என் கூலி அதே ஐம்பது லாரிதான்.
மினிபஸ்ஸில் நின்றுகொண்டே வீடு போனேன்.

மூன்று வருடம் கழித்து
அதே மினிபஸ்ஸில் நிற்கும்போது போன்.
"விற்கிறேன். குதாயிசியிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான்.
அந்தக் கதவின் எண் என்ன?"
"மறந்துவிட்டால் நல்லதுதானே" என்றேன்.
"அவன் கருவி கொண்டுவரவில்லை" என்றாள்.
"அதனால்தான் கேட்கிறேன்."